எட்டு வராத பெயர்கள்

என் கணவர் இராணுவத்தில் துப்பாக்கி பிடித்ததைவிடச் சாமான் எண்ணியதுதான் அதிகம். ஸ்டோர் பிரிவில் வேலை. பூட்ஸிலிருந்து லாரி டயர் வரைக்கும் எது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று வைத்துக்கொள்வது அவர் பொறுப்பு. அங்கே பொருளுக்குப் பெயர் சொல்ல ஒரு முறை உண்டாம். முதலில் அது என்ன, பிறகு எதனால் ஆனது, பிறகு என்ன நிறம் அல்லது எதற்கு, கடைசியில் எத்தனை. 'கருப்புத் தோல் பூட்ஸ்' என்று சொன்னால் திட்டு விழும். 'பூட்ஸ், தோல், கருப்பு, ஜோடி ஒன்று' என்றுதான் சொல்ல வேண்டும்.

சர்வீஸ் முடித்து வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஆசிரியை வேலை மாற்றலாகி, சோளக்காடு என்கிற ஊரில் மார்க்கெட்டுக்கு மேல்புறம் ஒரு வீடு பிடித்தோம். வந்த வாரமே அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிவிட்டார். 'பருப்பு, துவரம், சாம்பாருக்கு.' 'மிளகு, முழுசு, ரசத்துக்கு.'

"ஏனுங்க, அப்ப எனக்கு என்னன்னு எழுதி ஒட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி, டீச்சர், கோவக்காரி, ஒண்ணே ஒண்ணு" என்றார்.

கோபக்காரி என்றது நிஜம்தான். இதை எழுத உட்காரும்போதுகூடக் கோபம் வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை என்றால் அது என்ன கோபம் என்று கேட்பவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நாமக்கல்லில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினோம். பள்ளிக்கூட வேலைக்கு ஆகும் என்று நான் வாங்கினேன், அவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். உலகத்து இராணுவங்களின் தொப்பிச் சின்னம், தோள் பட்டை, மெடல் ரிப்பன், லாரி, ஜீப், கூடாரம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் படமும் விவரமும் வேண்டும். யாரோ ஒருவர் வீட்டில் தாத்தாவின் பழைய போட்டோ இருக்கும், தொப்பியில் இருப்பது என்ன சின்னம் என்று பேரனுக்குத் தெரியாது. அவன் வந்து பார்த்தால் தெரிய வேண்டும். இதுதான் அவர் ஆசை.

கூட வேலை செய்த நண்பர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டார். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ தபாலில் படங்கள் வந்தன. ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. சொன்னபடி ஒன்று விடாமல் அனுப்பியும் விட்டார். ஸ்கேன் செய்வது என் வேலை. நான் என் போக்கில் 'புதுப்படம்', 'புதுப்படம் இரண்டு', 'நல்ல லாரி', 'கடைசி', 'கடைசி சரியானது' என்று சேமித்து வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு பேரா புள்ள? நாளைக்கு எவனாவது ஜீப் கேட்டா 'கடைசி சரியானது'ன்னு எடுத்துக் குடுப்பியா?"

அன்றைக்கே சட்டம் போட்டார். முதலில் நாடு, அப்புறம் படைப்பிரிவு, அப்புறம் பொருள், அப்புறம் எந்தக் காலத்தது, முன்பக்கமா பின்பக்கமா, கடைசியில் வரிசை எண். எல்லாம் சின்ன எழுத்தில், நடுவில் ஒரு கோடு, இடைவெளி கூடாது. ஒரு படத்தின் பெயரைப் படித்தாலே அது என்ன என்பது முழுவதும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரே அகர வரிசையில் அடுக்கும்போது ஒரு நாட்டுச் சாமான் ஓரிடத்தில், ஒரு படைப்பிரிவின் சின்னங்கள் பக்கத்துப் பக்கத்தில் தாமாக வந்து நின்றன. பார்க்க எனக்கே பிடித்துவிட்டது. நான் விவரத்தைத் தனியாகவும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரே விசயத்தை ரெண்டு எடத்துல எழுதுனா ஒண்ணு பொய்யாப் போயிரும் புள்ள. பேருதான் விவரம். அது ஒண்ணு போதும்."

ஸ்டோரில் கற்ற பாடம் அது. வாதாடிப் பார்த்துத் தோற்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு இடது பக்கம் வருகிற ஆள் தெரியாமல் போக ஆரம்பித்தது. மார்க்கெட்டில் பலாப்பழம் தூக்கி வந்தவர்மேல் இரண்டு முறை மோதினார். சேலத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டதாம். மற்றதும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், சொட்டு மருந்து போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது என்றார். திரும்பி வரும்போது பஸ் வளைவு வளைவாக மலையேறிக்கொண்டிருந்தது. மேலே ஏறிய பிறகு சொன்னார்:

"முழுசாப் போறதுக்குள்ள அத்தனை படத்துக்கும் பேர் வெச்சுப்போடோணும்."

அதற்குப் பிறகு நாங்கள் பிழைத்த பிழைப்பு வேறு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைத்து வெகு நேரம் வரை அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து, மிச்சமிருந்த கண்ணால் ஒரு படத்தை மூலை மூலையாகப் பார்ப்பார். சக்கரத்து நட்டை எண்ணி லாரி எந்த வகை என்பார். ரிப்பனில் எந்தக் கோடு அகலம், எது ஒடுக்கம் என்று பார்த்து எந்தச் சண்டைக்குக் கொடுத்த மெடல் என்பார். தெரியாவிட்டால் நாள் கணக்கில் யோசிப்பார், ஆனால் ஊகித்து எதையும் எழுத விடமாட்டார். கரண்ட் போய்விட்டால் இருட்டில் உட்கார்ந்து அடுத்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். தை பிறந்து ஊரில் மிளகு காயவைக்கிற சமயத்தில் கடைசிப் படத்துக்குப் பெயர் வைத்தார். முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலியா வேறா என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் வருகிறவர் என் கொழுந்தனார். என் கணவரின் ஒரே தம்பி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அண்ணன்மேல் உயிர். வெப்சைட்டுக்கு இன்டர்நெட்டில் இடம் வாங்கித் தருகிறேன், படங்களை அதில் ஏற்றித் தருகிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார். மலையில் மழை தூறினாலே போன் லைன் செத்துவிடும், அங்கிருந்து ஏற்ற முடியாது. சித்திரையில் ஏற்றிவிடுவார் என்று பார்த்தோம். பட்டறையில் வேலை. வைகாசியில் கல்யாண முகூர்த்தங்கள். ஆனி முடிகிற சமயத்தில் வேனோடு வந்து கம்ப்யூட்டரையும், நாங்கள் நகல் எடுத்து வைத்திருந்த இரண்டு சிடியையும் வாங்கிப்போனார்.

"ஆடியில வேண்டாங்க அண்ணி. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்துத் தொறந்தரலாம்" என்றார்.

அந்த ஆடியில்தான் என் கணவரின் கண் முழுவதும் அடங்கியது. ஒரு காலையில் எழுந்து, "வெளிய மூடுபனியா புள்ள?" என்று கேட்டார். வெளியே நல்ல வெயில்.

ஆவணியில் கொழுந்தனார் இனிப்புப் பெட்டியோடு வந்தார். கம்ப்யூட்டரை மாட்டி, திரையைத் திறந்து, "பாருங்க அண்ணி" என்று பெருமையாக நகர்ந்து நின்றார். பார்த்தேன். எல்லாப் படமும் ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தது. நாடு இல்லை, படை இல்லை, பொருள் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் வெறும் எண். தொப்பிச் சின்னத்துக்குப் பக்கத்தில் ரஷ்ய லாரி, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

"பேரெல்லாம் எங்கீங்க தம்பி?"

"அதச் சொல்லத்தானுங்க வந்தேன். நம்பர் பாக்கற ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அண்ணன் வெச்ச பேரைக் கூட்டிப் பாத்தா முக்காவாசி எட்டுதான் வருதுங்களாம். எட்டு ஆகாதுங்களே. பேர் வெக்க வெக்கத்தான் கண்ணு கொறஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. நானே உக்காந்து அத்தனையும் மாத்திட்டேன். கூட்டிப் பாருங்க, ஒரு எட்டுகூட இல்லீங்க."

"அந்த சிடி?"

"பழைய பேரு எங்கயும் இருக்கக்கூடாது, ஓடற தண்ணில உட்ருங்கன்னாரு. மோகனூர் போயி காவேரில உட்டுட்டேனுங்க."

புது லாரி எடுத்தால் நம்பர் கூட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். எட்டு வந்தால் கூடுதலாகக் கொடுத்தாவது வேறு நம்பர் வாங்குவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, லாரி எந்த நம்பரில் இருந்தாலும் ஓடும். இது லாரியா? ஒரு மனிதன் தன் கண்ணை எரித்து எரித்துச் செய்த வேலையை, கேட்காமல் கொள்ளாமல், சுத்தமாகத் துடைத்து ஆற்றில் விட்டுவிட்டு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வருவார்களா? எனக்குத் தலைக்கேறியது. என்ன பேசினேன் என்று எல்லாம் நினைவில்லை. மார்க்கெட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன் என்பது தெரியும்.

"கோவப்படாதீங்க அண்ணி. அண்ணனுக்குக் கண்ணு திரும்பி வரட்டும்னுதானுங்க செஞ்சேன்."

"வந்துருச்சுங்களா?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர்தான் வாயைத் திறந்தார். "உடு புள்ள. போனது போச்சு. அவனுக்குக் காப்பி குடு."

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு இடத்தில் எழுதினால் போதும் என்றவரும் அவர்தானே. காப்பி போட்டேன். சர்க்கரை போடவில்லை.

பெயர்கள் இல்லாமலேயே கொழுந்தனார் வெப்சைட்டைத் திறந்துவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு அம்மா எழுதியிருந்தார். உங்கள் பக்கத்தில் இன்ன எண்ணுள்ள சின்னம் என் அப்பாவின் தொப்பியில் இருந்தது போலவே இருக்கிறது, அது எந்தப் படைப்பிரிவு என்று சொல்ல முடியுமா? யாருக்காக இத்தனையும் செய்தாரோ அந்த ஆள் வந்துவிட்டார். நான் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்குது, சொல்லு."

"வட்டமா இருக்குதுங்க. சுத்திலும் இலை மாதிரி. நடுவுல ஏதோ ஒரு மிருகம்."

"என்ன மிருகம்? எந்தப் பக்கம் பாக்குது? இலை எங்க ஆரம்பிக்குது?"

படம் மங்கல். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது எந்தச் சின்னத்துக்கும் பொருந்தியது. வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "தெரியலைன்னு எழுதிரு. ஊகிச்சு எழுதாத" என்றார். எழுதி அனுப்பினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது.

அடுத்த தையில் கொழுந்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைக்க அண்ணன்தான் வர வேண்டும், அண்ணன்தான் காதில் சொல்ல வேண்டும் என்று நேரில் வந்து அழைத்தார்.

"பேர் எதுக்குங்க தம்பி? ஒரு நம்பர் போதாதா, எட்டு வராம?" என்று கேட்டேன். கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. என் கணவர்தான், "போலாம் புள்ள. கொழந்தை என்ன பண்ணுச்சு?" என்றார்.

நாமக்கல் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவரைப் பாயில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். பெயரையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் கூட்டிப் பார்த்து வைத்ததுதான். சொல்லப் போனவர் நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், எனக்குக் கண்ணு தெரியாது. எப்படி இருக்கறா, சொல்லு."

"நல்லா இருக்கறாண்ணா."

"நல்லான்னா? மூக்கு யாரு மாதிரி? நெத்தி? நம்ம அம்மா சாயலா?"

கொழுந்தனார் குழந்தையையே பார்த்தார். "எப்படிச் சொல்றதுண்ணா… அழகா இருக்கறா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணா சொல்லத் தெரியுது."

"பாத்துக்கிட்டு நிக்கற உனக்கே சொல்ல வரல. நான் ஒவ்வொரு படத்தையும் பாத்துப் பாத்து, சொல்லத் தெரியற வரைக்கும் பாத்துத்தாண்டா பேர் வெச்சேன். இப்ப அந்தப் படங்களைப் பத்தி எங்கிட்ட இருக்கறதும் நீ சொன்னதுதான். அழகா இருக்குது. அவ்வளவுதான்."

குரலை உயர்த்தவில்லை. குனிந்து, குழந்தையின் காதைத் தடவிக் கண்டுபிடித்து, அவர்கள் சொல்லிக்கொடுத்த பெயரை மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கொழுந்தனார் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய சர்க்கரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்று அழுதார். யாரோ, அவரைப் போய்த் தேற்று என்று என்னிடம் சொன்னார்கள். நான் போகவில்லை.