ஒன்பதாம் கட்டிலில் செக்கர்

ஜூன் 4 – விடுதிச் சேர்க்கைக் கட்டணம் – 12,000
ஜூன் 19 – பராமரிப்புத் திட்டம் எழுதியதற்கு – 900
ஆகஸ்ட் 2 – குழல் விளக்கு இரண்டு, பொருத்துகூலியுடன் – 640
செப்டம்பர் 16 – பேருந்துச் சீட்டு, இருவருக்கு – 36
செப்டம்பர் 25 – கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் – 7,800
செப்டம்பர் 27 – சொட்டு மருந்து, கண்மூடி – 415

முதல் மூன்றையும் மகன் கொடுத்தான். அவற்றால் அவன் அப்பாவுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கிடைத்தது. மற்ற மூன்றையும் நான் கொடுத்தேன்.

அந்த அப்பா என் மனைவியின் அண்ணன். பேருந்துகளில் ஏறிப் பயணச்சீட்டுப் பரிசோதிப்பது அவர் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்ததில் வீட்டுக்குள்ளும் அவருக்குச் செக்கர் என்றே பெயர் நின்றுவிட்டது. நடத்துனர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர்கள் நீட்டிய தேநீரை ஒரு நாளும் வாங்கிக் குடித்ததில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில், எடுத்த சீட்டுக்கு ஒரு நிறுத்தம் தாண்டிப் போனேன் என்று என்னையே இறக்கிவிட்டு அபராதம் எழுதினார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "பசிக்குது மாப்பிள்ளை" என்று உட்கார்ந்தார். என் மனைவி இரண்டு பேரோடும் பேசவில்லை.

எழுபத்து நான்கு வயதில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. அப்போது மகனோடு இருந்தார். அடுப்பின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்ததும் மகன் அவரை முதியோர் விடுதியில் சேர்த்தான். என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். "தங்கச்சி இல்லாத வீட்டுல உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காரணுமா?" என்றார். மூஞ்சி தெரியாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த விடுதியின் கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. வாசலில் நுழைந்ததும் புளித்த பால் வாடையும் மூத்திர வாடையும் கிருமிநாசினியும் கலந்து முகத்தில் அடிக்கும். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு எண்ணெய்த் தலைகள் சாய்ந்த கறை. ஒரே ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, அதே துணியால் ஒரு கிழவரின் வாயையும் ஆயா துடைத்ததை நான் முதல் நாளே பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

செக்கரின் கட்டில் ஒன்பதாவது. நான் அருகே போனதும் காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"டிக்கெட்?"

"எடுக்கல மச்சான். இறக்கி விட்டுடுங்க."

"மாப்பிள்ளையா? உங்களுக்கு ஃபைன் கிடையாது. நேரா ஜெயில்தான்."

யார் வந்தாலும் அவர் அப்படித்தான் கேட்டார். கேட்டால் எதிராளி ஏதாவது சொல்லியாக வேண்டும். குரல் வந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தனக்கு எதுவும் தெரியவில்லை என்பதையும் மறைத்துக்கொள்ளலாம். இது எனக்கு இரண்டாம் வருகையிலேயே விளங்கிற்று. அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பகலும் இரவும் அவர் பக்கத்தில் இருந்த எவருக்கும் விளங்கவில்லை.

ஆகஸ்டில் போனபோது கூடத்தில் கண் கூசியது. கட்டில்களுக்கு நேர் மேலே புதுக் குழல் விளக்குகள். கீழே வெள்ளை ஓடு பதித்த தரை அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்தது. புரை விழுந்த கண்ணுக்கு நேர் வெளிச்சம் என்பது மூடுபனிக்குள் முன்விளக்கைப் போட்டது போல. எதிரே முழுக்க வெள்ளையாகிவிடும். செக்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பால் வைத்திருந்தார்கள். கோப்பை எது, பால் எது, மேசை விரிப்பு எது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதிப் பால் பனியனில் மொடமொடவென்று காய்ந்து நாற்றமடித்தது. அதன் மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் பராமரிப்புத் திட்டம் என்ற தாள் தொங்கியது. அச்சடித்த தாள். பிரச்சினை: கண்புரை. இலக்கு: விழாமல் இருத்தல். செய்ய வேண்டியவை: வெளிச்சத்தைக் கூட்டுதல், கட்டிலைச் சுற்றியுள்ள பொருள்களை அகற்றுதல். எட்டாம் கட்டிலிலும் பத்தாம் கட்டிலிலும் அதே தாள். பத்தாம் கட்டில்காரருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்து பல வருடமாகிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். செக்கருடைய தாளில் மட்டும் கீழே பேனாவால் எழுதியிருந்தது: "குழப்பம் உண்டு. தான் பேருந்தில் இருப்பதாக நினைக்கிறார். வருவோரிடம் பயணச்சீட்டு கேட்கிறார். கண்ணைத் திறக்க மறுக்கிறார்."

கூடத்துக்குப் பொறுப்பான செவிலியைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவரிடம் போனேன்.

"சிஸ்டர், அது ஜோக்."

"இருக்கலாம் சார். தெனம் அதே ஜோக் சொன்னா நாங்க எழுதித்தான் ஆகணும்."

"குரல் கேட்டு ஆளத் தெரிஞ்சுக்கறதுக்காக அப்படிக் கேக்கறாரு."

"அத தாத்தாவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா?"

"ஷீட்ல அப்படி ஒரு கேள்வி இல்ல சார்."

அவர் சிடுசிடுக்கவில்லை. அலுத்துப் போனவர் போல, நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த இரண்டு வரி மையால் வந்த கேடு ஆகஸ்ட் 28 அன்று தெரிந்தது. அன்றுதான் கண் மருத்துவமனையில் வலது கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்கிற அறுவை. சொன்னதைக் கேட்டு அசையாமல் படுக்க வேண்டும். குழப்பம் உண்டு என்று விடுதி எழுதி அனுப்பியதால் நாளை ரத்து செய்தார்கள். அதோடு, அடுத்த மாத முடிவுக்குள் அவரை மேல்மாடிக்கு மாற்றப் போவதாகப் பெரிய சிஸ்டர் சொன்னார். மேல்மாடி என்பது புத்தி தவறியவர்களுக்கு. கதவு வெளியே பூட்டியிருக்கும். அங்கே போய்விட்டால் அறுவை என்ற பேச்சே கிடையாது. எஞ்சிய ஆயுளை அந்த வெள்ளைப் பனிக்குள்ளேயே கழிக்க வேண்டியதுதான்.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"மாமா, நர்ஸுங்க படிச்சவங்க. அவங்க சும்மா எழுதுவாங்களா?"

"உங்கப்பா ஆளக் கிண்டல் பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இந்த வயசுல கண்ணு தெரிஞ்சு என்ன பண்ணப் போறாரு சொல்லுங்க. நீங்க வேற எதுக்கு அலையறீங்க?"

தொலைபேசியை வைத்தபின் கையைக் கழுவினேன்.

செக்கரிடம் கோபமாகவே கேட்டேன். "கண்ணு தெரியல, அதான் கேக்கறேன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன மச்சான்?"

"தெரியலன்னு சொன்னா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. கக்கூஸுக்கு ஒருத்தி, சாப்பாட்டுக்கு ஒருத்தி. பைத்தியம்னு நெனச்சா தள்ளி நிப்பாங்க. நீங்களே சொல்லுங்க, எது மேல்?"

"மேல்மாடிக்கு அனுப்பப் போறாங்க."

"டபுள் டெக்கரா?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

நான் வற்புறுத்தியதால் பெரிய சிஸ்டர் மறுபரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஜோக் அடிக்கக் கூடாது என்று செக்கரிடம் சத்தியம் வாங்கினேன். விளக்குகள் எரிய, பெரிய சிஸ்டர் ரப்பர் செருப்போடு வந்து கட்டிலுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பழகியவர்களை அடையாளம் தெரிகிறதா என்பது தாளில் முதல் கேள்வி. செக்கர் கண்ணைத் திறக்க முயன்றார், நீர் கொட்டியது. யாரோ நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. கேட்கவும் கூடாது. சத்தியத்தைக் காப்பாற்றி, வாயை மூடிக்கொண்டே இருந்தார். "பழகியவர்களைத் தெரியவில்லை. பேச்சும் குறைந்துள்ளது" என்று பெரிய சிஸ்டர் எழுதினார். நான் அங்கேயே உரக்கப் பேசினேன். ஆயா வந்து, நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று என்னை வெளியே அனுப்பினாள்.

விடுதியில் இருப்பவரை உறவினர் மூன்று மணி நேரம் வெளியே அழைத்துப் போகலாம் என்று விடுதி விதியில் இருந்தது. செப்டம்பர் 16 அன்று அதைப் பயன்படுத்தினேன். கண் மருத்துவமனைக்கு வண்டி பேச நான் கிளம்பியபோது, "பஸ்ஸுல போலாம்" என்றார். பேருந்தில் அவர் வேறு ஆள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. வளைவுகளை வைத்து நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நடத்துனர் என்னிடம் சில்லறை குறைத்துக் கொடுத்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, "தம்பி, இன்னும் ரெண்டு" என்றார். நடத்துனர் முறைத்தபடி கொடுத்தார்.

கண் மருத்துவமனையில் எங்களை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்த செவிலி முதலில் செய்தது, தலைக்கு மேல் இருந்த விளக்கை அணைத்தது. பிறகு செக்கரின் நாற்காலியை, ஜன்னல் அவர் முதுகுப் பக்கம் வருமாறு திருப்பினார். காலடி நெருங்கியதும் செக்கருக்குப் பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது.

"டிக்கெட்?"

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"ஸ்டாஃப். பாஸ் இருக்கு," என்றார் செவிலி.

"பாஸக் காட்டுங்க."

"காட்டினா தெரியுமா உங்களுக்கு?"

செக்கர் கன்னத்தைத் தடவினார். "தெரியாது சிஸ்டர்," என்றார். "உங்க தலை எங்க இருக்குன்னே தெரியல. குரல வெச்சுத்தான் ஓட்டறேன்."

அதை அவர் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. செவிலி அதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டார். எந்தக் கோப்பையில் குடிக்கிறார், எந்த நேரத்தில் நன்றாகத் தெரிகிறது, இரவு எழுந்தால் எதைப் பிடித்து நடக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்தில் துணியைப் போட்டு, அறுவை நடக்கிற நேரம் அளவுக்கு அசையாமல் இருக்கச் சொன்னார். செக்கர் கட்டை போலக் கிடந்தார். எழுந்ததும், "பழைய மூணாம் நம்பர் வண்டியில கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்றார். டாக்டர் வந்து பார்த்து, ஒன்பது நாள் கழித்து அறுவைக்கு நாள் கொடுத்தார். சுய நினைவோடு இருக்கிறவர் தன் அறுவைக்குத் தானே கையெழுத்துப் போடலாம் என்றார். செக்கர் போட்டார். கோணலாக, மேசை விரிப்பின் மேலும் கொஞ்சம் போட்டார்.

அறுவை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தங்கச்சி இல்லாத வீடு என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. அந்தச் செவிலி எழுதிக் கொடுத்தபடி நடந்தேன்: சொட்டு மருந்துக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தூங்கும்போது கண்மூடி, தலைக்குத் தண்ணீர் கூடாது, குனியக் கூடாது, பால் கருநீலக் கோப்பையில், நாற்காலியை வைத்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது.

கண் தெளிந்த மூன்றாம் நாள் அவர் என் சமையலறை வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, சுவத்துல அது என்ன, உலக மேப்பா?"

"எண்ணெய் தெறிச்சது மச்சான்."

"இதுக்குள்ளயிருந்தா எனக்குக் காபி வருது? சீ." பிறகு கண்ணாடியில் தன்னையும் பார்த்தார். "இவன் யாரு, கிழவன்?" என்றார். அன்று முழுவதும் இருவருமாகச் சுவரைத் தேய்த்தோம். அவர் குனியவில்லை, மேல் பாதி அவர், கீழ்ப் பாதி நான்.

அக்டோபர் 8 அன்று அவருடைய துணிமணிகளை எடுத்துவர விடுதிக்குப் போனோம். கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். பல் தேய்க்கும் குவளையை எடுத்து உள்ளே பார்த்தார். அடியில் பச்சையாக ஏதோ வளர்ந்திருந்தது. தலையணையைத் திருப்பினார். தனக்கு முன் அதில் படுத்தவர்களின் எச்சில் வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. அவர் வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து பெரிய சிஸ்டரை நேருக்கு நேர் பார்த்தார்.

"நீங்கதானா அது?" என்றார். "அன்னிக்குப் பேசாம நின்னது?"

"நல்லா இருக்கீங்களா தாத்தா?" என்றார் பெரிய சிஸ்டர்.

செக்கர் துணிகளை எடுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மறுநாளே ஒன்பதாம் கட்டிலில் வேறொருவரைப் போட்டுவிட்டதாகப் பத்தாம் கட்டில்காரர் பின்னால் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு விடுதி செக்கரைப் பற்றி மகனுக்கு மாதாந்திரக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. மகன் அவற்றைப் பிரிக்காமலே எனக்குத் திருப்பி அனுப்பினான். கடைசியாக வந்ததைச் செக்கர் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே உரக்கப் படித்தார். "இரவில் நன்கு உறங்குகிறார். உணவு முழுவதும் உட்கொள்கிறார். மலம் இயல்பாகக் கழிகிறது. தற்போதைய திட்டத்தையே தொடரலாம்." கீழே பெரிய சிஸ்டரின் கையெழுத்து. செக்கர் தாளை மடித்து, இரண்டு விரல் நுனியால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"யாரோ பாவம்," என்றார். "போய் கையக் கழுவுங்க."

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது நவம்பர் 21.