சுவரை அளந்த நஸீரா

வெள்ளிக்கிழமை பகலில் நஸீராவின் தம்பி அழைத்தார். "ராத்தா மௌத்தாப் போய்ட்டா, டீச்சர்" என்றார். காலையில் கடையைத் திறந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். லுணுகலையிலிருந்து பஸ் பிடித்து நான் பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவர் புத்தகக் கடை நஸீரா. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை. நான் தமிழ் கற்பிப்பவள். எட்டாம் தரத்தில் கௌசல்யா என்ற பிள்ளை கணக்கென்றாலே அழுவாள். கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே நஸீரா பஸ்ஸேறி வந்து நின்றார். பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவிட்டதில்லை.

பாடம் கௌசல்யாவின் வீட்டில்தான் நடக்கும், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில். மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. வரைபடம் புரியவில்லை என்று பிள்ளை சிணுங்கியபோது நஸீரா அதைக் காட்டி, "இத வாராவாரம் அளந்து புள்ளி வைங்க, மகள்" என்றார். கௌசல்யாவுக்கு வரைபடம் புரிந்துவிட்டது. ஆனால் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. கதவு ஒரு வாரம் மூடவில்லை, மறு வாரம் திறக்கவில்லை. ஒருநாள் பனி இறங்கிய நேரம் நஸீரா சுவரில் காதை வைத்தார். நானும் வைத்தேன். உள்ளே யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். இருவரும் சட்டென்று விலகிக்கொண்டோம்.

தீபாவளி முடிந்து நாங்கள் போனபோது வரைபடத்தில் கடைசிப் புள்ளி அடிக்கோட்டில் இருந்தது.

"வெடிப்பே இல்லீங்களே டீச்சர், அதான் பூச்சியம் போட்டேன்" என்றாள் பிள்ளை.

"தீவாளிக்கு அசிங்கமா இருக்குன்னு இவங்கப்பா சீமெந்து வச்சு வெள்ளையடிச்சுட்டாரு" என்று அவள் அம்மா சிரித்தார்.

நஸீராவின் முகம் வெளிறிப்போனது. "பூசினா மலை நிக்காது, தங்கச்சி" என்றார். அடுத்த சனிக்கிழமை புதுச் சுண்ணாம்பில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அதன்பின் முன்னைவிட வேகமாக விரிந்தது.

மலை சரியும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை. லயத்தில் ஆறு குடும்பங்கள். போக வேறு இடமில்லை என்றார்கள். "போக வேண்டிய நாள நான் சொல்றன். அண்டைக்கு ஒண்டும் கேக்காம வெளியாகிரணும்" என்று நஸீரா ஒவ்வொரு வாசலிலும் நின்று சத்தியம் வாங்கினார். "நீங்க கணக்கு டீச்சரா, ஜோசியக்காரியா? இப்படியொரு பயந்தாங்கொள்ளியா!" என்று நான் கேலி செய்தேன். "பயமாத்தான் இருக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேலிக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. செய்தியைச் சொல்ல நான் தனியாகப் போனேன். கௌசல்யா அழவில்லை. உள்ளே போய் வரைபடக் கொப்பியை எடுத்து வந்தாள்.

"கட்டம் முடிஞ்சிருச்சு டீச்சர். இந்த வாரப் புள்ளிய வைக்க மேல எடமில்ல." பிறகு கேட்டாள்: "நாங்க எப்பப் போகணும்னு இனி யாரு சொல்லுவா?"

ஆறு வாசல்களிலும் ஆட்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கணக்கு வராது. பயம் மட்டும் வந்தது. "இப்பவே" என்றேன்.

யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நஸீராவுக்குக் கொடுத்த வாக்கு என்று மூட்டை கட்டினார்கள். பதினொரு நாட்களாகப் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறார்கள். மலை இன்னும் அப்படியே நிற்கிறது. முணுமுணுப்பு தொடங்கிவிட்டது, "டீச்சர் சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். அந்த மலை கடைசிவரை விழாமலிருந்து, ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் யாரையும் திரும்பிப் போக விடமாட்டேன். நஸீராவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான்.