அந்த வால்வைப் பார்த்தவர் அர்த்தனாரி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வெல்டர் மணி போனில் கூப்பிட்டார். "மேடம், நம்ம அர்த்தனாரி அண்ணன் தவறிட்டாருங்க. விடியக்காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாராம். திருச்செங்கோடு கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"எந்த அர்த்தனாரி?" என்று கேட்டேன். எங்கள் பட்டறையில் ஒரே ஓர் அர்த்தனாரிதான் இருந்தார்.  

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த நினைவு மலர் வெளியாட்கள் கையிலும் போகும் என்பதால் சொல்கிறேன். இருபது வருடம் போர்வெல் ரிக் வண்டிகளோடு வடக்கே ஊர் ஊராகச் சுற்றியவர். சிலிண்டர், எண்ணெய் ஓசு, பம்பு எதில் கோளாறு என்றாலும் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். அந்த வாழ்க்கை போதுமென்று புதுச்சத்திரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தார். அவரைவிட நான் நான்கு வயது சிறியவள். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடைசிவரை மேடம் என்பதை விடவில்லை.

கடலுக்குள் காற்றாலை நிறுத்த வேண்டுமானால் முதலில் கடலடியில் ஓர் இரும்புத் தூணை இறக்க வேண்டும். ஒரு லாரியே உள்ளே ஓடிவிடக்கூடிய அகலமுள்ள குழாய் அது. அடித்து இறக்கும்வரை அது சாயாமலிருக்க, கப்பலின் விளிம்பில் பெரிய வளையம் ஒன்று பொருத்துவார்கள். வளையத்தின் உட்புறம் சுற்றிலும் உருளை வைத்த கைகள் இருக்கும். ஒவ்வொரு கையையும் ஒரு சிலிண்டர் தள்ளிப் பிடிக்கும். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றுக்கு அந்தக் கைகளை நாங்கள் செய்து கொடுத்தோம். வரைபடம் என்னுடையது. பொருத்தும் வேலைக்கு அவர் பொறுப்பு.

சோதனையெல்லாம் முடிந்து, வாங்குபவர்களின் ஆய்வாளரும் சரியென்று சொல்லி, சாமான் ஏற்ற டிரெயிலர் வந்து நின்ற நாள் அது. சிலிண்டர் பொருத்தும்போது அவர் ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். வேறு ஆட்கள்தான் பொருத்தினார்கள். அன்றுதான் திரும்பி வந்தவர், ஒவ்வொரு கையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "மேடம், ஒரு டீ குடிச்சுட்டு வரலாங்களா" என்றார். அப்படி அவர் கூப்பிட்டதே இல்லை.

நெடுஞ்சாலை ஓரக் கடையில் டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அந்த லாக் வால்வு ஓசுக்கு அந்தப் பக்கம் இருக்குதுங்க. சிலிண்டர் மேலயே இருக்கோணும். ஓசு வெடிச்சா பிடிக்க ஒண்ணுமில்ல. கை தொங்கிரும். தூணு சாஞ்சுரும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் சிலிண்டர் இருந்த இடத்திலேயே நிற்பதற்காகத்தான் அந்தப் பூட்டு வால்வே. வரைபடம் முடிக்கிற கடைசி வாரத்தில் இடம் போதவில்லை என்று, அதை ஒரு முழம் தள்ளி வைத்து நடுவில் ஓசு போட்டு வரைந்தவள் நான். அழுத்தச் சோதனையில் அது தெரியாது. ஓசு வெடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

"அங்க ஆளுக நிப்பாங்கல்லங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க தம்பி அப்படித்தானுங்க போனான். ரிக் வண்டியில ஓசு வெடிச்சு, தூக்கி நிறுத்தின மாஸ்ட்டுக் கம்பம் அவன் மேல வந்துருச்சு," என்றார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

என் கையிலிருந்த டீ ஆறிவிட்டது. "நீங்களே போய்ச் சொல்லிருங்கண்ணா" என்றேன்.

"நான் சொன்னா அது உங்க தப்புன்னு ஆயிருமுங்க. நீங்க சொன்னா தப்பைப் பார்த்தீங்கன்னு ஆகும். போங்க, டிரெயிலர்காரரை நான் பேசி நிறுத்தி வெக்கறேன்."

போய்ச் சொன்னேன்.  நிர்வாகி முதலில் கத்தினார், பிறகு உட்கார்ந்துவிட்டார். எல்லாக் கைகளையும் கழற்றி வால்வை இடம் மாற்ற மூன்று வாரம் ஆனது. அனுப்பி வைத்த அன்று பட்டறை முழுவதையும் கூட்டி, தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன இன்ஜினியர் என்று என்னைப் பாராட்டினார்கள். உங்களில் பலர் அங்கே கைதட்டினீர்கள். அர்த்தனாரி அண்ணனும் பின்வரிசையில் நின்று தட்டினார். உண்மை வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் அவரிடம், "எல்லார் முன்னாடியும் சொல்லிடட்டுமாண்ணா" என்று கேட்டேன். "வால்வு எடம் மாறிருச்சுல்லங்க, அது போதும்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வார்த்தையில் ஒளிந்துகொண்டு நான் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். டிசைன் பிரிவுக்குத் தலைமையும் அந்தப் பேரில்தான் எனக்கு வந்தது.

வளையம் முதன்முதலில் வேலைக்கு இறங்கியபோது அவரைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். பருப்புப் பொடியும் முறுக்கும் கட்டிக்கொண்டு போனார். தூண் இறங்குகிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. மாலையானால் கூப்பிடுவேன். "ஒண்ணும் நடக்கலீங்க மேடம். நேரா நிக்குது" என்பார். ஒருநாள் மட்டும் கூடக் கொஞ்சம் பேசினார். "நம்மூர்ல மண்ணு நிக்கும், மிசினுதான் ஆடும். இங்க நிக்கிறது எதுவுமே இல்லீங்க. அந்தத் தூணு ஒண்ணுதான் நிக்குது."

இறுதிச் சடங்குக்குப் போனேன். அன்று பேச முடியவில்லை. காரியம் முடிந்தபின் மறுபடி போய், அவர் மனைவி சரஸ்வதி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பைப் பார்த்தவர் அண்ணன்தான், பேர் வாங்கியது நான் என்று சொன்னேன்.

அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் எங்கிட்டச் சொல்லலியே அம்மிணி. கம்பெனியில ஒரு மேடம் தன் தப்பைத் தானே போய்ச் சொல்லுச்சு, நம்ம தம்பி வேலை செஞ்ச எடத்துல அப்படி ஒரு ஆளு இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான்னு சொன்னாரு. அன்னைக்கு அழுதாரு. அவரு அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்."

 அக்கா எழுந்துபோய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

ஆகவே உங்கள் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். வால்வைப் பார்த்தவர் அர்த்தனாரி. டிரெயிலரை நிறுத்தியவரும் அவர்தான். பட்டறை ஆவணத்திலும் அவர் பேரை எழுதித் திருத்திக் கொடுத்துவிட்டேன். தன் வீட்டில் என்னைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு உரியவள் நான் அல்ல. அதைத் திருப்பிக் கொடுக்கவும் இனி ஆளில்லை. அந்த வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.