கடைசிக்கு முந்தைய இடத்தை வென்று வந்தவர்

ரங்கநாதன் தெருவில் மகளுக்குப் பள்ளிப் பை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தோணி சாரிடமிருந்து அழைப்பு வந்தது. கடைக்குக் கடை ஆள் நின்று கூவிக்கொண்டிருக்கும் இரைச்சலில் அவர் சொன்னது காதில் விழவில்லை. “சார், இன்னொருவாட்டி சொல்லுங்க” என்றேன். அவர் சற்று நிறுத்தி, “பிலோமினா போயிட்டா வேலு” என்றார். மனைவி இறந்த செய்தியை ஒரு மனிதரை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டோமே என்றுதான் முதலில் பட்டது. அழுகை அப்புறம், வீடு திரும்பும் பேருந்தில்தான் வந்தது.

பிலோமினா அந்தோணி, இந்தியப் பெண்கள் வாட்டர் போலோ அணியின் கோல்கீப்பராக இருந்தவர். பின்னாளில் சர்வதேசப் போட்டிகளில் நடுவராக விசில் ஊதியவர். இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு அதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றும் தெரியாது. சாந்தோமில் அவருடைய பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டபோது, “கபடியும் ஃபுட்பாலும் கட்டிப்புடிச்சு தண்ணில விழுந்தா எப்படி இருக்கும், அதான் ஃபாதர்” என்று சொன்னாராம். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. கால் தரையில் படாத ஆழம். ஆட்டம் முடியும்வரை கால்களைச் சுழற்றியபடி மிதந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே பந்து, கீழே உதையும் இழுப்பும்.

நான் ஆண்கள் அணியின் கோல்கீப்பர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அசோக் நகரில் இருந்த ஒரு அரசு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் வேலை கிடைத்தது. அவர் கணக்குப் பிரிவில், நான் தபால் பிரிவில். வயதில் நான் சற்று மூத்தவன். ஆனாலும் அணியில் எல்லாரும் கூப்பிடுவதுபோல் எனக்கும் அவர் பிலோக்காதான். நான் அடையாற்றின் கரையோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். என் பேச்சிலிருந்து ‘நைனா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, கடைசிவரை என்னை அப்படியேதான் அழைத்தார்.

மற்ற ஆட்டக்காரர்கள் நீச்சல் குளத்தின் நீளத்துக்கு நீந்திப் பயிற்சி செய்வார்கள். கோல்கீப்பர்களுக்கு வேலை ஒரு மூலையில். பெண்கள் அணியில் கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி தர ஆள் இல்லாததால், காலை நேரங்களில் நாங்கள் இருவரும் ஒரே மூலையில் இறங்கினோம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கால் பலத்திலேயே மிதந்தபடி எதிரெதிரே நிற்போம். யார் கை முதலில் இறங்குகிறது என்று போட்டி. பெரும்பாலும் என் கைதான் இறங்கும். அந்த நிலையிலும் அவர் காலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது, அம்மா திட்டுவார் என்று மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருப்பார்.

ஆசிய நாடுகளுக்கான ஒரு போட்டிக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒன்றாக வெளிநாடு போனோம். பெண்கள் அணிக்கு அதுதான் முதல் பயணம். முதல் ஆட்டத்தில் அவர்களை எதிர்த்து இறங்கியது அந்தக் கண்டத்திலேயே வலுவான அணிகளில் ஒன்று. நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவர்கள் போட்ட கோல்களை ஒரு கட்டத்துக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பிலோக்கா வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து நடுவே வீசிவிட்டு, திரும்பவும் கைகளைத் தூக்கி நின்றார். முகத்தில் பந்து பட்டு ஒரு கண் வீங்கியிருந்தது. மாற்று வீராங்கனையை இறக்கட்டுமா என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மதியம் அணி மேலாளர் பெண்களைக் கூட்டினார். ஆண்கள் அணியினர் நாங்களும் அந்த உணவுக்கூடத்தில்தான் இருந்தோம். இப்படி அடிவாங்குவது நாட்டுக்கே அவமானம் என்றார் அவர். பலருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி ஆட்டங்களிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றார். பெண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அழுதார்கள். பிலோக்கா வீங்கிய கண்ணோடு எழுந்து நின்றார்.

“யாருக்கு சார் உடம்பு சரியில்ல?” என்று கேட்டார்.

மேலாளர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

“தோத்துட்டுப் போனா எங்கம்மாகிட்ட தோத்துட்டோம்னு சொல்லிக்குவேன். தண்ணில எறங்காமலே போனா என்னன்னு சார் சொல்றது?”

குரலை உயர்த்தவே இல்லை. மேலாளர் எழுந்து போய்விட்டார். விலகல் கடிதம் எழுதப்படவில்லை என்பது மறுநாள் ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் எங்களுக்கு உறுதியானது.

ஆனால் அதற்கு முன்னாலேயே, அன்று மாலை, அவர் எங்கள் அறைப்பக்கம் வந்தார். ஆண்கள் அணியின் பயிற்சி நேரத்தில் தனக்கும் இடம் வேண்டும், எங்கள் ஆட்கள் தன் மேல் பந்து அடிக்க வேண்டும் என்றார். கேப்டனிடம் பேசி நான் ஏற்பாடு செய்தேன். குளத்தில் இறங்கியதும் எங்கள் ஆட்கள் தயங்கித் தயங்கி மெதுவாகப் போட்டார்கள். நான்கைந்து பந்துகளை ஒரு கையாலேயே பிடித்துத் திருப்பி எறிந்தவர், என்னைப் பார்த்து, “நாளைக்கு வர்றவங்க பூவா போடப் போறாங்க? அடிக்கச் சொல்லு நைனா” என்றார். அடித்தார்கள். வலைக்குள் போனவை அதிகம்தான். ஆனால் பயிற்சி முடியும் நேரத்தில், முகத்தில் அடிபட்டதிலிருந்து பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவரிடமிருந்து போயிருந்தது. எங்கள் ஆண்கள் கரையேறும்போது யாரும் கிண்டல் பேசவில்லை. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள்.

அடுத்த ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், கடைசி இடம் யாருக்கு என்று முடிவு செய்யும் ஆட்டம் ஒன்று மிஞ்சியது. அதைப் பார்க்க யார் வருவார்கள்? நாங்கள் மட்டும் போனோம். ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி வீச்சுக்குப் போனது. எங்கள் அணியின் சின்னப் பெண்ணான சரோஜா தன் வீச்சைக் கோலாக்கிவிட்டு, திரும்பிப் பார்க்கப் பயந்து தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதிரணியின் கடைசி வீச்சுக்கு பிலோக்கா இடுப்புவரை தண்ணீரை விட்டு எழும்பினார். பந்து அவர் முழங்கையில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது.

இந்தியப் பெண்கள் அணி ஒரு சர்வதேசப் போட்டியில் பெற்ற வெற்றியை நான் நேரில் பார்த்தது அன்றுதான். கடைசிக்கு முந்தைய இடம். ஆண்கள் அணியினர் நாங்கள் போட்ட உடையோடு குளத்தில் குதித்தோம். அவருடைய அணியினர் அவரைத் தேடினார்கள். அவர் அங்கே இல்லை. குளத்தின் மறுகோடிவரை நீந்திப் போய், தோற்ற அணியின் கோல்கீப்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இவர் தோளில் முகம் வைத்து அழுதுகொண்டிருந்தாள். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “பாஷையா தெரியும், பேசறதுக்கு? அந்த எடத்துல நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா நைனா?” என்றார்.

சில வருடங்களுக்குப் பிறகு என் வலது தோள் கெட்டுப்போனது. அறுவை சிகிச்சை செய்தும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் அரசாங்கத்தில் எங்கள் ஆற்றோர வீடுகளை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி ஒன்றில் குடிவைத்தார்கள். பழகிய ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஆட்டமும் இல்லை. அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில் நான் எந்த எல்லைவரை போயிருந்தேன் என்பது என் மனைவி செல்விக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிலோக்கா வந்தார். பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, எங்கள் கட்டடத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, மாடியேறி வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே உள்ளே போய்ச் செல்வியோடு தரையில் உட்கார்ந்து மீன் கழுவினார். குழம்பு கொதிக்கிறவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வி அழுததும் எனக்குக் கேட்டது. சாப்பாடு முடிந்த பிறகுதான் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னா நைனா, தோள் போச்சுன்னா கண்ணும் போச்சா?” என்றார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நான் நடுவர் தேர்வு எழுதப் போறேன். தனியா படிக்க எனக்குப் பயமா கீது. நீயும் வா.”

என் பேச்சு வழக்கிலேயே பேசியதால் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தேன் என்று செல்வி இப்போதும் சொல்வாள். தனியாகப் படிக்கப் பயம் என்பது பொய். அவருக்குப் பயமென்று எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் வா என்று கூப்பிட அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. போக எனக்கும் தேவைப்பட்டது.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அந்த ஆங்கிலம் ஓடாது. மதிய உணவு நேரத்தில் அலுவலக கேன்டீன் மேசையில் சோடா மூடிகளைப் பரப்பி, இவன் தடுக்கிறான், அவன் இழுக்கிறான், இதில் யார் தப்பு என்று வாதம் செய்தோம். வாதம் முற்றிப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போன நாட்களும் உண்டு. அதே வாதத்தில் எனக்குச் சில விதிகள் அவரைவிட நன்றாகப் பிடிபட்டன. அதை ஒப்புக்கொள்ள அவர் கூச்சப்பட்டதில்லை. இருவரும் தேறினோம். அவர் சர்வதேச நடுவரானார். நான் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தையும் தவறுகளையும் பார்க்கும் பணிக்குப் போனேன். இன்றைக்கு நான் செய்துவரும் வேலை அதுதான்.

நம் நாட்டில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில், இரண்டு வெளிநாட்டு ஆண்கள் அணிகள் மோதிய ஆட்டத்துக்கு அவர் நடுவர். நான் மேசையில் இருந்தேன். முடிவுக்குச் சற்று முன்பு, ஒரு அணியின் கேப்டன் தண்ணீருக்கடியில் எதிராளியைப் பிடித்து இழுத்தார் என்று பிலோக்கா விசில் ஊதி, அவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். மேலே யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த ஆஜானுபாகுவான மனிதர் கரையேறி வந்து, பிலோக்காவின் முகத்துக்கு நேரே நின்று கத்தினார். பயிற்சியாளரும் சேர்ந்துகொண்டார். பிலோக்கா அசையவில்லை. வெளியேறும் பக்கத்தைக் கையால் காட்டியபடி நின்றார். அந்த அணி தோற்றது.

அன்று திரும்பும்போது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “தண்ணிக்குள்ள பாக்காத நைனா, தோளைப் பாரு. கீழ கை என்ன பண்ணுதுன்னு தோள் சொல்லிடும்” என்றார். மறுநாள் காலை அந்தக் கேப்டன் எங்கள் மேசைக்கு வந்தார். பொதுமொழி எதுவும் இல்லை. தன் இடுப்பருகே துணியைப் பிடித்து இழுப்பதுபோல் சைகை காட்டி, பிலோக்காவைப் பார்த்துச் சிரித்து, தலை தாழ்த்திவிட்டுப் போனார். பிலோக்காவும் தலை தாழ்த்தினார். பிறகு என்னிடம், “நல்ல பையன்” என்று மட்டும் சொன்னார்.

நோய் வந்தபோது அதை மறைக்கவில்லை. எல்லாரிடமும் சொன்னார். அடையாறில் மருத்துவமனையில் இருந்தபோது கடைசியாகப் பார்த்தேன். கைப்பேசியில் எங்கோ நடக்கும் பெண்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோணி சார் பிடித்துக்கொண்டிருந்தார், இவர் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பெண்கள் இப்போது நடுவில் ஒரு இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்றேன். “தெரியும். நான் பாத்துட்டுதான் இருக்கேன்” என்றார். கிளம்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவர் என் தோளைக் காட்டி, வலிக்கிறதா என்று கேட்டார். மழைக்காலத்தில் மட்டும் என்றேன்.

சாந்தோமில் பூசை முடிந்ததும் பெட்டியைத் தூக்க நான்கைந்து ஆட்கள் முன்னால் வந்தார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து அவருடைய பழைய அணிப் பெண்கள் எழுந்து வந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தரமணி அலுவலகத்திலிருந்து நேரே வந்த சரோஜாவின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. “அண்ணா, நீங்க கொஞ்சம் நவுருங்க. நாங்க தூக்குறோம்” என்றாள். அந்த ஆட்கள் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் அந்தோணி சாரைப் பார்த்தார். அந்தோணி சார் தலையசைத்தார்.

ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். தூக்கியதும் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டடி வைப்பதற்குள் இடம் மாறி, தோள் மாற்றி, பெட்டியை மட்டமாக்கிவிட்டார்கள். படிகளில் அப்படியே இறங்கினார்கள். வெளியே சாலையில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பெண்கள் சுமந்து வருவதைப் பார்த்து நின்றார்.

பிலோக்கா, அன்று மருத்துவமனையில் வாய்க்கு வராததை இங்கே எழுதிவிடுகிறேன். என் வீட்டு மாடியேறி வந்தீர்கள். அதனால்தான் இன்று என் மகளுக்கு அப்பாவாக இருக்கிறேன். செல்வியும் சொல்லச் சொன்னாள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.