அரைப்பேர் அழகையா

பதுளைக் கடைவீதியில் றவூப் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஓர் இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. கூட்டம் தேத்தண்ணிக்காக வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். பணிஸுக்காகவும் இல்லை. நானாவின் பணிஸ் சுவரில் அடித்தால் கைக்குத் திரும்பி வரும். கூட்டம் வந்தது திட்டுவதற்கு.

கொழும்பிலிருந்து இரவு மெயிலில் வரும் ஞாயிற்றுப் பத்திரிகையில், விளையாட்டுப் பக்கத்தின் அடிமூலையில், ‘கோட்டோரத்தான்’ என்ற புனைபெயரில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப் பிறைக்கொடி உதைபந்தாட்டக் கழகத்தைக் கிழி கிழியென்று கிழிப்பதுதான் அவன் வேலை. ஒரு சனிக்கிழமை மைதானத்தில் தோற்ற தோல்வியை, அடுத்த ஞாயிறு பத்திரிகையில் இன்னொரு தரம் தோற்கவேண்டியிருந்தது. நானா அடுப்படியை விட்டு வந்து, நின்றபடியே அதை உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் கடை கொதிக்கும்.

எல்லாரையும்விட அதிகமாகக் கொதிப்பவர் ஜன்னலோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் அழகையா.

“இவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும் நானா, எழுதுற கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!”

அந்தக் கை அப்போது தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்திருந்தது. ஏனென்றால் கோட்டோரத்தான் வேறு யாருமில்லை, அழகையாதான்.

அழகையாவின் வீடு ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. மனைவி பாக்கியலெட்சுமி அங்கே கொழுந்தெடுத்தாள். அவர் தினமும் பஸ் ஏறி வந்து பதுளையில் ஓர் இரும்புக் கடையில் மம்பட்டியும் கவ்வாத்துக் கத்தியும் விற்றார். பத்தாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த வம்சமென்று பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்கத்தில் பியோன் உத்தியோகம்கூடக் கிடையாது. அதைப்பற்றி அவர் வாயைத் திறந்து ஒருநாளும் புலம்பியதில்லை. பந்தைப்பற்றி மட்டும் வாய் ஓயாது. கடைக்கு வந்தவர் ஆணி கேட்டால், ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போன கிழமை ஆட்டத்தைச் சொல்லி முடிப்பார்.

பத்திரிகைக்கு எழுத வேண்டுமென்று அவர் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஒரு முறை ஆட்ட முடிவைத் தபாலட்டையில் எழுதிப் போட்டார். அச்சில் வந்தது. அடுத்த அட்டையில், ஏன் தோற்றோம் என்று இரண்டு வரி சேர்த்தார். அதுவும் வந்தது. அதன்பிறகு அந்தப் போதை விடவில்லை. பதுளைத் தபால் கந்தோரில் போட்டால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று, ஹாலிஎலவில் இறங்கித்தான் போடுவார்.

கடையில் சொல்லவேண்டியதைக் கடையிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பிறைக்கொடியின் கோல்காப்பாளர் ஸரூக், றவூப் நானாவின் சொந்தத் தம்பி. அறுபதுகளில் ஸரூக் கோலுக்குள் நின்றால் ஈ நுழையாது. அதெல்லாம் பழங்கதை. எழுபத்தாறில் அவருக்கு முன்னால் அவருடைய வயிறுதான் பந்தை வரவேற்கப் போகும். இதை நானாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே நானாவிடம் எப்படிச் சொல்வது? அந்த வாங்கில்தான் அழகையாவை யாரும் ‘தோட்டத்தான்’ என்று சொல்லாமல் அழகையா என்று கூப்பிட்டார்கள். ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஓர் இடம். அதை இழக்க அவர் தயாராயில்லை. அதற்காக ஸரூக்கின் கால்களுக்கு நடுவே பந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. ஆகவே வாயால் ஒன்று, பேனாவால் வேறொன்று என்று காலத்தை ஓட்டினார்.

அந்த வருசம் பண்டாரவளைக்காரர்கள் வந்து ஐந்து கோல் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது பஸ்ஸில் பாட்டு வேறு. அன்று மாலை கடையில் பெரிய கச்சேரி. கழகத்தின் தலைவர் மொஹிதீன் ஹாஜியார், புடவைக்கடை முதலாளி, கொழும்பிலிருந்து ஒரு கோச்சரைக் கொண்டுவர வேண்டும் என்றார். “டீமை அடியோட பிரிச்சுக் கட்டோணும்” என்றார். 

“பழைய ஆக்களை வெட்டினா டீம்ல என்ன மிஞ்சும் ஹாஜியார்? போட்டு வெளையாடுற ஜேசி மட்டுந்தான் மிஞ்சும்!” என்று நானா பாய்ந்தார். “அனுபவம் எண்டு ஒண்டு ஈக்கே!”

“அஞ்சு கோல் வாங்கின அனுபவமா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நானா சொல்றதுதாங்க சரி” என்றார் அழகையா. “ஸரூக் அண்ணன் இல்லாம டீமா?” மூலையில் தலையைக் குனிந்திருந்த ஸரூக் நிமிர்ந்து அவரை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வை அழகையாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தி என்ன? மறுநாள் லயத்து வாசலில் உட்கார்ந்து எழுதியே விட்டார். தோட்டங்களிலிருந்து இளம் பொடியன்களை எடுக்க வேண்டும், கோலுக்குப் புதிய ஆள் வேண்டும் என்று எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போது பாக்கியலெட்சுமி மழையில் நனைந்து கூடையோடு வந்து, “இன்னிக்கும் அரைப்பேர்தாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சொல் அப்படியே தாளில் இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு நானா வாசித்தார். “கோல்காப்பாளர் ஸரூக்கின் ஆட்டத்துக்கு அரைப்பேருக்கு மேல் போட முடியாது.”

நானா நிறுத்தினார். மறுபடியும் அந்த வரியை, இந்த முறை வாய்க்குள்ளேயே வாசித்தார்.

“அரைப்பேரா? அதென்னது?”

யாருக்கும் தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாம் டவுன்காரர்கள், சீலையும் சீனியும் விற்பவர்கள். நானாவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“வெளங்கிச்சு. எங்கட வாப்பா வெச்ச பேர் முஹம்மது ஸரூக். இவன் முஹம்மதை வெட்டிப்போட்டு வெறும் ஸரூக் எண்டு எழுதியீக்கான். எழுதிப்போட்டு, இவனுக்கு அரைப்பேர் போதும் எண்டும் செல்றான்!”

ஆட்டத்தைத் திட்டினால் பொறுக்கலாம். இது வேறு. நல்ல பெயரை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறான் என்றால் அது விளையாட்டுப் பக்கத்தோடு போகிற காரியமில்லை. மொஹிதீன் ஹாஜியார்கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். ஸரூக் சட்டைக் கையை மடித்தார்.

“பஸ் ஸ்டாண்டுல பேப்பர் விக்கிற இராசையாதான். வேற ஆரு?” என்றார் ஒருவர். “ஒவ்வொரு மெச்சுக்கும் கோட்டோரத்துல வந்து நிக்கிறது அவன்தானே!”

“வா, கேட்டுட்டு வருவம்” என்றார் ஸரூக். கேட்கிற குரலாக அது இல்லை.

இராசையா பாவம், காச நோய்க்காரர். ஒரு தள்ளுக்குத் தாங்கமாட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. பேசாமல் இருந்தால் இந்த வாங்கு இருக்கும், இராசையா இருப்பாரோ தெரியாது. அழகையா எழுந்து வாசலை மறித்து நின்றார்.

“நானா, நில்லுங்க. அது அந்தப் பேர் இல்லீங்க. அது தோட்டத்துப் பேச்சு. சொன்ன ராத்தலுக்குக் கொழுந்து எடுத்தா அன்னிக்கு முழுப்பேர். கொறைஞ்சு போச்சுன்னா அரை நாள்தான் போடுவாங்க, அதுக்குப் பேரு அரைப்பேர். என் வீட்டுக்காரி மழையில நின்னு நின்னு வாங்குற பேருங்க அது. அரைப்பேர் வாங்குனவங்க கெட்டவங்க இல்ல. நாளைக்கு முழுப்பேர் வாங்கலாம். அம்புட்டுத்தான் அர்த்தம்.”

ஸரூக் மடித்த கையை இறக்கினார். இத்தோடு நிறுத்தியிருந்தால் அழகையா தப்பியிருப்பார்.

“அப்ப முஹம்மதை ஏன் வெட்டினான்?” என்றார் நானா, விடாமல்.

எழுதுகிறவனுக்கு என்று ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. தன் எழுத்தில் பத்திரிகைக்காரன் கைவைத்த எரிச்சல். அது எந்த நேரத்தில் வெளியே குதிக்கும் என்று அவனுக்கே தெரியாது.

“நான் முழுப் பேரும் எழுதித்தான் அனுப்பினேன் நானா! அவிங்கதான் வழியில வெட்டிட்டாங்க!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. நானா பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அழகையா கொடியில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். குடையை விரிக்க மறந்துபோய் ஹாலிஎலவரை நனைந்துகொண்டே போனார்.

பிறகு பல நாள் அவர் அந்தக் கடை இருக்கும் பக்கமே திரும்பவில்லை. மதியம் இரும்புக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தனியாக ரொட்டி தின்றார். அந்த வருசத்தில் அவர் பட்ட பெரிய துன்பம் அதுதான் என்று பின்னாளில் பாக்கியலெட்சுமி சொல்வாள். கடைசியில் அவளே, “போய்த்தான் பாருங்களேன், வெரட்டுனா திரும்பி வாங்க” என்று அனுப்பினாள்.

போனார். ஜன்னலோர வாங்கு காலியாகவே இருந்தது. உட்கார்ந்தார். நானா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தார். கிளாஸில் பாதிதான் இருந்தது.

“அரைப்பேர்க்காரருக்கு அரைக் கிளாஸ்” என்றார் நானா. “டீம் கப் எடுக்கிற அண்டைக்குத்தான் முழுக் கிளாஸ்.”

கடை வெடித்துச் சிரித்தது. ஸரூக்தான் முதலில் சிரித்தது. அழகையாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தன்னை வெளியே தள்ளவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பாதித் தேத்தண்ணியைப்போல ருசியான ஒன்றை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை.

அன்றிலிருந்து அவர் பெயர் அரைப்பேர் அழகையா. எழுதுவதை நிறுத்தவும் விடவில்லை. ஆனால் எழுதியதைக் கடையில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும் என்று ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். அதன்பின் ஒரு வரி எழுத ஒரு மணி நேரச் சண்டை. “‘படுதோல்வி’ வேணாம், ‘தோல்வி’ எண்டு போடு” என்று நானா. “அஞ்சு கோல் வாங்கிட்டு வெறும் தோல்வியா நானா?” என்று அழகையா. திட்டுவதற்கென்று முகம் தெரியாத ஒருவன் இல்லாமல் போய், பக்கத்திலேயே ஒருவன் கிடைத்ததில் எல்லாருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு அந்த வாங்கைத் தேடிப் போகிறது.

ஸரூக் கோலை விட்டு விலகியது யாரும் சொல்லியல்ல. ஒரு நாள் அழகையாவோடு பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய், லயத்துக்குக் கீழே பந்தடிக்கும் பொடியன்களைப் பார்த்து, தாவத் தெரிந்த ஒருவனைத் தானே தேர்ந்தெடுத்தார். பிறகு சனிக்கிழமைகளில் கோலுக்குப் பின்னால் நின்று அவனைத் திட்டித் திட்டிப் பழக்கினார். பிறைக்கொடி அடுத்த வருசம் கடைசி இடத்திலிருந்து எழும்பியது. அதற்கடுத்த வருசம் இறுதியாட்டம்வரை போய் ஒரு கோலில் தோற்றது. கப் வரவில்லை. நானா சொன்ன சொல் மாறவில்லை, கிளாஸ் பாதியிலேயே நின்றது.

அப்போதுதான் அழகையாவின் முறை வந்தது. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசி முடித்த ஒப்பந்தப்படி, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தேயிராத இந்தியா. பாட்டன் விட்டுவந்த ஊரின் பெயர்கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கடையில் அன்று ஆட்டத்தைப்பற்றி யாரும் பேசவில்லை. “அடுத்த சீசன் கப் நமக்குத்தான். பாத்துட்டுப் போகலாமே” என்றார் ஸரூக், அது ஏதோ அழகையாவின் கையில் இருப்பதுபோல.

புறப்படுகிற நாளில் பதுளை ஸ்டேஷனில் அழுகைச் சத்தம் தெருவரை கேட்டது. லயம் லயமாக வந்து நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். ஹாஜியார் வந்து பாக்கியலெட்சுமியிடம் ஒரு சீலைப் பொட்டலம் கொடுத்தார். ஸரூக் வந்தார். கோல்காக்கிற பொடியனும் வந்தான். நானா மட்டும் வரவில்லை. அழகையா ரயில் பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடையைப் போட்டுட்டு எப்படி வருவாரு” என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதைப்பற்றிக் கேட்கவேயில்லை.

விசில் ஊதினார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நானா வந்தார். ஒரு கையில் கடைக் கிளாஸ், மறு கை அதன் வாயை மூடியிருந்தது. கடைவீதியிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். மேல்சட்டை முழுக்கத் தேத்தண்ணிக் கறை. ஜன்னலில் கிளாஸை நீட்டிவிட்டுத்தான் அவரே உள்ளே பார்த்தார். தேத்தண்ணி பாதிதான் இருந்தது.

நானா கிளாஸை விடாமலே சொன்னார்.

“முழுசாத்தான் ஊத்தினேன் அழகையா. அல்லா அறிய முழுசாத்தான் ஊத்தினேன்.”

அழகையா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“தெரியும் நானா. நீங்க முழுசாத்தான் அனுப்பினீங்க. வழியிலதான் வெட்டிட்டாங்க.”

வண்டி நகர்ந்தது. அவர் குடித்துக்கொண்டேயிருந்தார்.