வியர்வையை எடை போட்ட மல்லிகா

மல்லிகா போய்விட்ட செய்தி வந்தபோது நான் லாபிஸ் கடையொன்றில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி நாள். சைக்கிளில் எங்கள் ஊர் சாஆவுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம். தொலைபேசியில் அவர் தம்பி சேகரின் பெயரைப் பார்த்ததும், எந்தப் பாவி என்னைப் போட்டுக்கொடுத்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே என்னை வேவு பார்த்தவர் அல்லவா அவர்.

"அண்ணே, அக்கா தவறிட்டாங்க" என்றார் சேகர்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மல்லிகாவை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சாஆவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை எடை போட்டு வாங்கும் நிலையம் நடத்தியவர். தோட்டப் பள்ளியில் என் வகுப்பு. ஐம்பதைத் தாண்டிய பிறகு நீண்ட தூர டிரையத்லானில் இறங்கினார். கடலில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறி, இறங்கிய கையோடு ஓட வேண்டும். சொன்னால் ஒரு வரி, செய்தால் ஒரு பகல். இந்தத் தொப்பைக்கு இது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். மல்லிகா கூப்பிட்டார், அவ்வளவுதான். அவரிடம் முடியாது என்று சொல்லித் தப்பித்தவர் யாராவது இதைப் படித்தால் கை தூக்கவும்.

ஊரில் எல்லோரும் விடியற்காலையில் ஓடுவார்கள். நாங்கள் உச்சி வெயிலில் ஓடுவோம். மழை விட்டு, செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து நீராவி கிளம்பினால் மல்லிகாவுக்குக் குஷி தாங்காது.

"காலையில போலாம் லா" என்று கெஞ்சினேன்.

"போட்டியன்னிக்கு மத்தியானம் சூரியன் உனக்காக லீவு போடுமா? உடம்பு இப்பவே பழகட்டும்."

அதைவிடக் கொடுமை அந்தத் தராசு. கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் குலை நிறுக்கும் தராசில் ஏற வேண்டும். குறைந்த எடை வியர்வை, அடுத்த முறை எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்வார். நியாயம்தான். ஆனால் என் எடையை, குலை இறக்க வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்துவார். பொழுது சாய்வதற்குள் யோங் பெங் ஊரிலிருந்து மைத்துனி அழைத்து, "மச்சான், எறங்கவே மாட்டேங்குதாமே?" என்பாள்.

ஒருநாள் லாபிஸ்வரை போய் வந்து ஏறினேன். எடை கூடியிருந்தது.

"அலமாக்" என்றார் மல்லிகா. "இவ்ளோ தூரம் மிதிச்சி வெயிட் போட்டவன் ஜொகூர்லயே நீ ஒருத்தன்தான். எத்தன ரொட்டி?"

"ஒண்ணு."

"தராசு மூணுங்குது."

தன் எடையையும் அவர் அப்படித்தான் கத்துவார். எப்போதோ அது நின்றுபோனது. கேட்டதற்கு, "நிறுக்கிறவளுக்கு எதுக்கு எடை, போய்த் தண்ணி குடி" என்றார். போய்க் குடித்தேன். அவர் சட்டை தொளதொளத்தபோது, பயிற்சி இவருக்கு மட்டும் பலிக்கிறதே என்று வயிறெரிந்தேன். எவ்வளவு குடித்தும் போன எடை திரும்பவில்லை என்பது அவருக்கு டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஊரார் எடையையெல்லாம் தம்பட்டம் அடித்தவர் தன்னுடையதை மட்டும் விழுங்கிக்கொண்டார். இறந்தவரைத் திட்டக் கூடாதாம். நான் திட்டத்தான் செய்கிறேன்.

ஆஸ்பத்திரியிலும் திட்டினேன்.

"சொல்லியிருந்தா நீ சைக்கிள மூலையில சாத்தியிருப்ப" என்றார். "காரணம் கெடைக்காதான்னு காத்துக் கெடக்கிற ஆளு. ஒழுங்கா போட்டிக்குப் போ. முடிக்காட்டியும் பரவால்ல, கடல்ல எறங்கு."

நான் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, தந்திரம்.

அவரைவிடப் பெரிய காரணம் எனக்கு இனிக் கிடைக்காது. துக்கம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உச்சி வெயிலையும் இந்தத் தராசையும்தான் அவர் எனக்கென்று விட்டுப் போயிருக்கிறார். வேறு எதையாவது விட்டிருக்கலாம். ஏறி நின்றேன். சேகர் குனிந்து பார்த்து, மரியாதையாக, என் காதோரம் எடையைச் சொன்னார்.

"சத்தமா சொல்லு தம்பி" என்றேன். "யோங் பெங்குக்குக் கேக்கணும்."