பட்டியலில் இல்லாத பள்ளிக்கூடம்

கல்வி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கல்விக் கந்தோரில், தட்டெழுத்து வேலை என்பது, ஊருக்கெல்லாம் வேண்டிய செய்தியை விரலில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது. என்னைப்போல் கந்தோர்களில் கதிரையில் உட்கார்ந்தே காலம் தேய்ப்பவர்களுக்கு இது விளங்கும். ஐம்பதுகளில், கோயிலும் கிறிஸ்தவ மிஷனும் பள்ளிவாசலும் நடத்திய பள்ளிக்கூடங்களில் எவற்றுக்கு அரசாங்க உதவி என்ற பட்டியலைத் திருகோணமலையில் நான்தான் அடித்தேன். பெயர் இருந்தால் ஆசிரியருக்குச் சம்பளம் வரும்.

லோஞ்சில் வந்தவர்

கட்டைபறிச்சான் கோயில் பள்ளிக்கூடத்துப் பறுவதம் ரீச்சர் மாதம் ஒருமுறை மூதூரிலிருந்து குடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகான லோஞ்சில் வருவார். இரண்டு வருடமாகச் சம்பளமில்லை. கோயிலார் நெல் கொடுத்தார்கள். "பேர் வந்திட்டுதோ பிள்ளை?" என்பார். இல்லையென்று எனக்குத் தெரியும், சொல்லத் தடை. "பெரிய கிளாக்கரிட்டக் கேளுங்கோ ரீச்சர்" என்று குனிந்துகொள்வேன். ஒருநாள் அவர் சொன்னார்: "உம்மட முகமே சொல்லிப்போடுது. பெரிய கிளாக்கர் என்னத்துக்கு?"

இரவல் பிள்ளைகள்

உதவி, பிள்ளைகளின் வரவைப் பொறுத்தது. கல்வி இன்ஸ்பெக்டர் வரும் நாளில் தலை குறைந்தால் பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளை இரவல் வாங்குவது எல்லா மதத்தாருக்கும் வழக்கம். நகரத்து மிஷன் பள்ளியொன்றுக்கு நானும் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். காலைச் செபம் தொடங்கியது. பின்வரிசை வாங்கில் இருந்த எட்டுப் பேர் கண்ணை மூடி, உரத்த குரலில் தேவாரம் பாடினார்கள். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் கேட்டார்: "நல்ல குரல் மாஸ்டர். இவையளை எத்தினை மணிக்குத் திருப்பிக் குடுக்கவேணும்?"

ஒட்டினால் என்ன?

அந்தப் பள்ளியின் பெயர் பட்டியலில் வந்தது. கட்டைபறிச்சான் வரவில்லை, காரணம், 'வரவு குறைவு'. இன்ஸ்பெக்டர் அங்கே போனது அறுவடை நடந்த வாரத்தில். பிள்ளைகளெல்லாம் வயலில் நின்றிருப்பார்கள். இரவல் வாங்க அயலில் வேறு பள்ளியும் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபின் முதன்முறையாக நானாக வாய் திறந்தேன்: "ஐயா, பட்டியலைக் காரணங்களோட வெளியில ஒட்டினால் என்ன?" பெரிய கிளாக்கர் பயந்துபோனார். "ஒட்டினா ஆக்கள் வாசிப்பினமே, பிள்ளை!"

திருப்பி வைத்த தாள்

அடுத்தமுறை ரீச்சர் வந்தபோது, காரணம் எழுதிய தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவ்வளவு நேரம் தண்ணீர் குடித்தது அன்றைக்கு மட்டும்தான். திரும்பி வந்தபோது, அறுவடை முடிந்தபின் இன்னொருமுறை பார்க்கும்படி மனு எழுதிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் படிப்பிக்கிறது பிழையெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்!"

அடுத்த பட்டியல்

மறுவருடம் 'கட்டைபறிச்சான்' என்று நானே அடித்தேன். ஒவ்வொரு லோஞ்சுக்கும் வாசலைப் பார்த்தேன். கடைசியில் உதவிக் கடிதம் வாங்க வந்தவர் புதிய ஆசிரியர், ஓர் இளைஞர். ரீச்சர் நெல்லில் சீவிக்க ஏலாமல் தமையனோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டதாக லோஞ்சுக்காரர் பிறகு சொன்னார். முதற் சம்பளம் அந்த இளைஞருக்கு. ரீச்சரைத் தெரியுமா என்று கேட்டேன். "ஓம் தங்கச்சி, எனக்கு முந்தி ஆரோ ஒரு ரீச்சர் இருந்தவவாம்."

எந்தச் சாமியின் பள்ளிக்கூடமானாலும், எங்கள் கந்தோர் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்தது காத்திருப்பை மட்டும்தான்.